இராமனின் தம்பிகள், தருமரின் தம்பிகள்: இதிகாசக் குலமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமாயணத்தையும் பாரதத்தையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள்கூட ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். யாருக்கு யார் மகன், யார் மூத்தவர், அரசுரிமை ஏன் இவரை விட்டு அவரிடம் போனது என்று கேட்டால் பதில் குழம்பும். குலமுறை தெரிந்துவிட்டால் கதையின் பாதிச் சண்டைகளுக்குக் காரணம் புரிந்துவிடும். வால்மீகியும் வியாசரும் சொல்வது எது, பின்னால் வந்த கவிகளும் புராணங்களும் சொல்வது எது என்று முடிந்தவரை பிரித்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

சூரிய குலம், சந்திர குலம் என்று இரண்டாகப் பிரிவது எங்கே?

வைவஸ்வத மனுவிடம். மனு சூரியனின் மகன். அவருடைய மகன் இக்ஷ்வாகு. அவன் வழியில் வந்தவர்கள் சூரிய குலத்தார், அயோத்தியை ஆண்டவர்கள். மனுவின் மகள் இளை, சந்திரனின் மகனான புதனை மணந்தாள். அவர்கள் மகன் புரூரவன். அவன் வழி சந்திர குலம், அதாவது யாதவர்களும் கௌரவ பாண்டவர்களும். ஆக, தாய்வழியாகப் பார்த்தால் சந்திர குலத்தாரும் மனுவின் பிள்ளைகள்தான். இராமனுக்கும் தருமருக்கும் ஒரே பாட்டனார் என்று சொன்னால் பலர் வியப்பார்கள்; ஆனால் மரபு அப்படித்தான் சொல்கிறது.

இராமனின் முன்னோர் பட்டியல் ஏன் நூலுக்கு நூல் மாறுகிறது?

வால்மீகியில் சீதையின் திருமணத்துக்கு முன் வசிஷ்டர் இக்ஷ்வாகு குலத்தை வரிசையாகச் சொல்கிறார். பதிலுக்கு ஜனகர் தம் குலத்தைச் சொல்கிறார். கம்பர் இதையே ‘குலமுறை கிளத்து படலம்’ என்று தனிப் படலமாக்கி, விசுவாமித்திரர் வாயில் வைக்கிறார்.

வால்மீகியின் வரிசையில் ரகுவுக்கும் தசரதனுக்கும் நடுவே பத்துத் தலைமுறைக்கு மேல் இருக்கிறது. தசரதனின் தந்தை அஜன், அஜனின் தந்தை நாபாகன். காளிதாசரின் ரகுவம்சத்திலோ திலீபன், ரகு, அஜன், தசரதன் என்று நேராக நான்கே படி. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது காளிதாசர் வரிசை. இன்னொன்று, புராணங்களில் திரிசங்குவின் மகனாக வரும் அரிச்சந்திரன் பெயர் வால்மீகியின் பட்டியலில் இல்லை. சந்திர குலத்துப் பெயர்களாக நாம் அறிந்த நகுஷனும் யயாதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முயல்வது வீண் என்பது என் எண்ணம். சூதர்களும் மாகதர்களும் அரசவைகளில் பாடிப் பாதுகாத்த வரிசைகள் இவை. ஒவ்வொரு மரபும் தனக்கு முக்கியமான பெயர்களைப் பிடித்துக்கொண்டது. சகரன், பகீரதன், ரகு ஆகியோர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறார்கள். இந்தக் கதைகளுக்கு அவர்கள்தான் தூண்கள்.

தசரதனின் நான்கு பிள்ளைகளில் யார் மூத்தவர், யார் யாருக்குப் பிறந்தவர்?

கோசலைக்கு இராமன், கைகேயிக்குப் பரதன், சுமித்திரைக்கு இலக்குவனும் சத்துருக்கனனும். ரிஷ்யசிருங்கர் நடத்திய புத்திரகாமேட்டி வேள்வியில் வந்த பாயசத்தைத் தசரதன் பங்கிட்ட கணக்கு வால்மீகியில் தெளிவாக இருக்கிறது: பாதி கோசலைக்கு, கால் பங்கு சுமித்திரைக்கு, அரைக்கால் கைகேயிக்கு, மிச்சமிருந்த அரைக்காலை யோசித்து மறுபடியும் சுமித்திரைக்கு. இரண்டு முறை வாங்கியதால் சுமித்திரைக்கு இரட்டையர்.

இராமன் புனர்பூசம், பரதன் பூசம், மற்ற இருவரும் ஆயில்யம். அதனால் வயது வரிசை இராமன், பரதன், இலக்குவன், சத்துருக்கனன்.

இலக்குவன் இராமனோடும் சத்துருக்கனன் பரதனோடும் சேர்ந்தது ஏன்?

இரட்டையரில் ஒருவன் கோசலையின் மகனோடும் மற்றவன் கைகேயியின் மகனோடும் இணைபிரியாமல் வளர்ந்தான் என்று வால்மீகி சொல்கிறார், காரணம் சொல்லவில்லை. பாயசத்தின் இரண்டு பங்குகளோடு பொருத்தி உரைகாரர்கள் விளக்குவதுண்டு. என்னைக் கேட்டால், சுமித்திரையின் இரு பிள்ளைகளும் சேர்ந்துதான் இந்தக் குடும்பத்தை உடையாமல் வைத்திருந்தார்கள் என்பேன். மூத்தவர்கள் இருவருக்கும் நடுவே அரியணை கிடந்த நேரத்தில், தமக்கென்று எதுவும் கேட்காத இரண்டு தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

சத்துருக்கனனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மது என்பவனின் மகன் இலவணனைக் கொன்று மதுரா நகரை அமைத்தவன் அவன்தான். உத்தர காண்டத்தில் அது தனி வீரக் கதை. பரதனின் மக்கள் தட்சன், புஷ்கலன் பெயரில்தான் தட்சசீலமும் புஷ்கலாவதியும் எழுந்தன என்றும் அதே காண்டம் சொல்கிறது.

பரதனுக்கு அரசில் உண்மையாகவே உரிமை இருந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் தயங்குகிறார்கள். வால்மீகியே கேட்கிறார், அதனால் நாமும் கேட்கலாம்.

கைகேயியின் இரண்டு வரங்கள் எல்லாருக்கும் தெரியும். தேவாசுரப் போரில் தசரதனின் உயிரைக் காத்ததற்காகக் கிடைத்தவை. இதற்கு மேலே இன்னொரு வாக்கும் இருந்தது. சித்திரகூடத்தில் இராமனே பரதனிடம் சொல்கிறான்: “நம் தந்தை உன் தாயை மணந்தபோது, அவள் வயிற்றுப் பிள்ளைக்கே அரசு என்று உன் பாட்டனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.” அதாவது பரதனின் உரிமை மந்தரையின் சூழ்ச்சியில் முளைத்ததல்ல, கலியாணப் பேச்சிலேயே இருந்தது. பரதன் ஊரில் இல்லாத இந்த நேரமே பட்டாபிஷேகத்துக்கு ஏற்றது என்று தசரதன் இராமனிடம் அவசரப்படுவதும் அதே காண்டத்தில் வருகிறது. கைகேயியைக் கெட்டவள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இந்த இரண்டு இடங்களும் விடுவதில்லை.

எதிர்ப்பக்கம் குல வழக்கம் நின்றது. இக்ஷ்வாகு குலத்தில் மூத்தவனே அரசன், மூத்தவன் இருக்க இளையவன் முடிசூடுவதில்லை என்று வசிஷ்டர் உறுதியாகச் சொல்கிறார். கம்பரின் கோசலை, பரதன் நாடாளப் போகிறான் என்று கேட்டதும் சொல்வது இதைத்தான்: “முறைமை அன்று என்பது ஒன்று உண்டு.” அந்த ஒரு குறையைத் தவிர வேறு குறை அவனிடம் இல்லை, “நின்னினும் நல்லன்” என்று தன் மகனிடமே சொல்கிறாள். பெற்ற மகனின் முடி பறிபோன நேரத்தில் மாற்றாள் மகனைப் பற்றி இப்படிச் சொல்ல முடிந்ததே, எத்தனை பெரிய மனது!

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது வழக்குத் தீர ஒரே வழிதான் உண்டு: இரண்டு பேரில் ஒருவராவது விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே இருவருமே விட்டுக்கொடுத்தார்கள். பரதன் பாதுகையை வாங்கிக்கொண்டு போய் நந்திகிராமத்தில் பதினான்கு ஆண்டு காத்திருந்தான். ஒரு நாள் தாமதித்தாலும் தீயில் இறங்குவேன் என்று சொல்லிவிட்டே போனான். அவனைப் பார்த்த குகன், “ஆயிரம் இராமர் நின் கேழ் ஆவரோ” என்று கேட்பதாகக் கம்பர் பாடியது மிகையே அல்ல.

சந்திர குலத்திலும் மூத்தவனுக்குத்தானே அரசு? அங்கே மட்டும் ஏன் போர் வந்தது?

பாரதப் போரின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சந்திர குலத்தின் வரலாற்றைப் பாருங்கள், மூத்தவன் விலக்கப்படுவதே வழக்கம் போல ஆகிவிட்டது.

யயாதிக்கு ஐந்து மக்கள். தேவயானிக்கு யது, துர்வசு. சர்மிஷ்டைக்கு திருஹ்யு, அனு, பூரு. சுக்கிரரின் சாபத்தால் வந்த முதுமையை வாங்கிக்கொள்ளும்படி தந்தை கேட்டபோது நால்வர் மறுக்க, கடைக்குட்டி பூரு ஒப்புக்கொண்டான். அரசு அவனுக்குப் போனது. “மூத்தவன் யது இருக்கும்போது இது எப்படி நியாயம்?” என்று குடிமக்கள் கேட்டதையும் வியாசர் பதிவு செய்கிறார். யதுவின் வழியில் வந்தவர்களே கண்ணனும் பலராமனும்.

அடுத்து துஷ்யந்தன் மகன் பரதன். அவனுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒருவரும் அரசுக்குத் தகுதி இல்லை என்று அவன் கருதினான். கடைசியில் பரத்வாஜரின் அருளால் பெற்ற பூமன்யுவுக்கே அரசு.

பிரதீபனுக்கு மூன்று மக்கள்: தேவாபி, பாஹ்லீகன், சந்தனு. தேவாபி நற்குணம் நிறைந்தவன், குடிமக்களுக்கு இனியவன். ஆனால் தோல் நோய் இருந்தது. உடற்குறை உள்ளவன் முடிசூடக் கூடாது என்று முதியோரும் அந்தணர்களும் தடுக்க, தந்தை அழுதார், மகன் காட்டுக்குப் போனான். பாஹ்லீகன் தாய்மாமன் வீட்டு நாட்டுக்குப் போய்விட்டான். இளையவன் சந்தனு அரசனானான்.

சந்தனுவின் மூத்த மகன் தேவவிரதன், அதாவது பீஷ்மர். சத்தியவதியின் தந்தையான செம்படவர் தலைவனுக்குக் கொடுத்த வாக்கால் அரியணையையும் இல்லறத்தையும் சேர்த்தே துறந்தார். அடுத்த தலைமுறையில் திருதராஷ்டிரன் மூத்தவன், பார்வை இல்லை என்று விலக்கப்பட்டான், பாண்டு அரசனானான்.

இப்படி ஐந்து முறை வழி மாறிய குலத்தில், “மூத்தவன் மகன் நான்” என்று துரியோதனன் எழுந்து நின்றதில் வியப்பு என்ன இருக்கிறது? யதுவையும் தேவாபியையும் எடுத்துக்காட்டி, “இந்தக் குலத்தில் மூத்தவனுக்கு அரசு கிடைக்காமல் போனது புதிதல்ல” என்று அவனுக்குப் புத்தி சொல்பவர் யார் தெரியுமா? உத்தியோக பருவத்தில், விலக்கப்பட்ட மூத்தவனான திருதராஷ்டிரனே. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கிழவர் மேல் எனக்கு இரக்கம் வருகிறது. நியாயம் அவருக்குத் தெரிந்திருந்தது. மகனைத் தடுக்கத்தான் மனம் வரவில்லை.

அயோத்தியில் விதி தெளிவாக இருந்தது, அதை மீறச் சொன்ன வாக்கும் இருந்தது. ஆனால் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். அஸ்தினாபுரத்தில் விதி தளர்ந்து தளர்ந்து, கடைசியில் ஒவ்வொருவன் கையிலும் ஒரு நியாயம் இருந்தது, விட்டுக்கொடுக்க ஒருவன் மட்டும் மறுத்தான்.

பாண்டவர்கள் பாண்டுவின் சொந்த மக்கள் இல்லை என்றால் அவர்கள் எப்படிக் குரு குலத்தார்?

அந்தக் கணக்கில் போனால் பாண்டுவும் திருதராஷ்டிரனும்கூடக் குரு குலத்தார் ஆக மாட்டார்கள். விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் இறந்ததும், சத்தியவதி தன் மூத்த மகன் வியாசரை அழைத்தாள். அம்பிகைக்குத் திருதராஷ்டிரன், அம்பாலிகைக்குப் பாண்டு, பணிப்பெண்ணுக்கு விதுரர் பிறந்தார்கள். வியாசர் பராசரரின் மகன். சந்தனுவின் இரத்தத்தில் குருக்ஷேத்திரத்தில் நின்றவர் பீஷ்மர் ஒருவர்தான்.

அன்றைய வழக்கப்படி, கணவனோ குலப் பெரியவர்களோ ஒப்புக்கொண்டு மனைவி பெற்ற பிள்ளை கணவனின் பிள்ளையே. தருமதேவன், வாயு, இந்திரன் ஆகியோரால் குந்திக்கு மூவர். அசுவினி தேவர்களால் மாத்திரிக்கு நகுலனும் சகாதேவனும். பாண்டுவின் விருப்பத்தின் பேரில் நடந்தது, எனவே ஐவரும் பாண்டவர்கள். இதே வழக்கத்தால் பிறந்த திருதராஷ்டிரனின் மகன் பாண்டவர் பிறப்பைக் குறை சொல்ல முடியாது.

தருமர், துரியோதனன் இருவரில் யார் மூத்தவர்?

தருமர். காந்தாரி முன்பே கருவுற்றாலும் இரண்டு ஆண்டு சுமந்தாள். துரியோதனனும் பீமனும் ஒரே நாளில் பிறந்ததாக ஆதி பருவம் சொல்கிறது. அதோடு தருமருக்கு இளவரசுப் பட்டம் கட்டியவர் திருதராஷ்டிரனே. அதற்குப் பிறகுதான் வாரணாவதத்து அரக்கு மாளிகை. நாடு இரண்டாகப் பிரிந்து பாண்டவர்களுக்குக் காண்டவப்பிரஸ்தம் கிடைத்தது அதற்கும் பின்னால்.

கர்ணன் உண்மையைச் சொல்லியிருந்தால் அரசு அவனுக்கா?

ஆம். கண்ணன் தூது வந்து திரும்பும்போது கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொன்னது இதுதான்: மணத்துக்கு முன் பெற்ற பிள்ளையும் அவளை மணந்தவனுக்கே மகன் என்பது சாத்திரம், ஆகவே நீயே பாண்டவரில் மூத்தவன், தருமன் உனக்கு இளவரசனாக நிற்பான், ஐவரும் உன் காலில் விழுவார்கள்.

கர்ணனின் பதிலை முழுதாகப் படிக்க வேண்டும். நன்றிக்காகத் துரியோதனனை விடமாட்டேன் என்றான், அது தெரிந்ததே. வளர்த்த அதிரதனையும் ராதையையும் விட்டு வரமாட்டேன் என்றான். அப்புறம் இதையும் சொன்னான்: “இந்த உண்மை தருமனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவன் அரசை எனக்குத் தந்துவிடுவான். நான் அதைத் துரியோதனனுக்குத் தந்துவிடுவேன். தருமன் ஆள்வதே நல்லது.” ஒருநாளும் தம்பி என்று அழைத்திராத ஒருவனின் மனத்தை எவ்வளவு சரியாகப் படித்திருக்கிறான்! பாரதத்தில் அண்ணன் என்ற சொல்லுக்கு இதைவிட உயர்ந்த இடம் எனக்குத் தெரியாது.

தருமருக்கு இது போர் முடிந்து, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும்போது குந்தி சொல்லித்தான் தெரிந்தது.

நூற்றுவரில் நல்லவர் யாருமே இல்லையா?

விகர்ணன் இருக்கிறான். சபையில் திரௌபதிக்காகப் பேசிய துரியோதனனின் தம்பி அவன் ஒருவனே. தன்னைத் தோற்ற தருமருக்கு அவளைப் பணயம் வைக்க உரிமை இல்லை என்று முறையாக வாதாடினான். போரில் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையில் மாண்டான். பீமன் அவனுக்காக வருந்தினான்.

திருதராஷ்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்த யுயுத்சு வேறு வழி எடுத்தான். போர் தொடங்கும் முன் தருமர் இரு படைக்கும் நடுவே நின்று, எங்களோடு சேர விரும்புபவர் வரலாம் என்று அழைத்தபோது கடந்து வந்தவன் அவன். திருதராஷ்டிரன் மக்களில் போருக்குப் பின் உயிரோடு எஞ்சியவனும் அவனே. தங்கை துச்சளை சிந்து நாட்டு ஜயத்ரதனின் மனைவி.

நகுல சகாதேவர்களை மற்ற மூவரும் சொந்தத் தம்பிகளாகவே நினைத்தார்களா?

நச்சுப் பொய்கைக் கதையே இதற்குப் பதில். தம்பிகள் நால்வரும் இறந்து கிடக்கிறார்கள். கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்ன தருமரிடம், ஒருவனை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும் என்று யட்சன் கேட்கிறான். நகுலன் என்கிறார் தருமர். பீமனும் அர்ஜுனனும் இல்லாமல் போரில் வெல்ல முடியாது என்று தெரிந்தே சொல்கிறார். “குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு மகன் வேண்டும்.” மாத்திரி பாண்டுவோடு தீயேறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன; செத்துப்போன சிற்றன்னைக்குக்கூடப் பங்கு குறையக் கூடாது என்று நினைத்த மனம் அது.

நகுல சகாதேவரின் தாய்மாமன்தான் மத்திர நாட்டுச் சல்லியன். பாண்டவருக்கு உதவப் படையோடு வந்தவனை வழியிலேயே உபசரித்துத் துரியோதனன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கண்ணனுக்கும் பாண்டவர்களுக்கும் என்ன உறவு?

குந்தி, கண்ணனின் தந்தை வசுதேவரின் தங்கை, இயற்பெயர் பிருதை. சூரசேனனுக்குப் பிறந்து, பிள்ளை இல்லாத குந்திபோஜனிடம் வளர்ந்தவள். ஆகவே கண்ணன் பாண்டவர்களுக்கு மாமன் மகன். கண்ணனின் தங்கை சுபத்திரையை அர்ஜுனன் மணந்தது நம் முறைப்படி அத்தை மகன் கட்டிக்கொண்டதுதான். பலராமன் பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுதம் கற்பித்தவர். எந்தப் பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை போய்விட்டார்.

வாலி, சுக்கிரீவன் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

மாயாவியைத் துரத்திக் குகைக்குள் போன வாலி நெடுநாள் வரவில்லை. உள்ளிருந்து இரத்தம் வந்தது. அண்ணன் இறந்தான் என்று நம்பிய சுக்கிரீவன் வாயிலை அடைத்துத் திரும்பினான், அமைச்சர்கள் முடிசூட்டினார்கள். திரும்பிய வாலி துரோகம் என்று நினைத்தான், தம்பியை விரட்டி அவன் மனைவி உருமையையும் எடுத்துக்கொண்டான். சந்தேகம் வந்ததில் வாலி மேல் தவறு சொல்ல மாட்டேன். விளக்கம் சொன்ன தம்பியை நம்ப மறுத்ததும் உருமையைக் கவர்ந்ததும் தவறு.

ஆனால் கம்பரின் வாலி சாகும்போது பெரியவனாகிவிடுகிறான். “என் தம்பி மது குடித்து ஏதாவது பிழை செய்தால் என்மேல் ஏவிய அம்பை அவன்மேல் ஏவிவிடாதே” என்று இராமனிடம் வேண்டுகிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிகள் அவனை இகழ்ந்தால் தடுத்துவிடு என்றும் கேட்கிறான். இராமனின் தம்பிகள் எப்படிப்பட்டவர்கள் என்று அந்தக் கடைசி மூச்சிலும் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

வாலி இந்திரன் மகன், சுக்கிரீவன் சூரியன் மகன். இராமன் சூரியன் மகன் பக்கம் நின்று இந்திரன் மகனை வீழ்த்தினான். பாரதத்தில் கண்ணன் இந்திரன் மகன் அர்ஜுனன் பக்கம் நிற்க, சூரியன் மகன் கர்ணன் வீழ்ந்தான். முந்தைய கணக்கு அடுத்த அவதாரத்தில் நேராயிற்று என்று கதை சொல்லும் பெரியவர்கள் சொல்வதுண்டு.

இராவணன் குலம் எது? கும்பகருணன், வீடணன் இருவரில் யார் செய்தது சரி?

பிரமனின் மகன் புலஸ்தியர், அவர் மகன் விசிரவசு. விசிரவசுவுக்கும் அரக்கர் குலத்துக் கைகசிக்கும் பிறந்தவர்கள் இராவணன், கும்பகருணன், சூர்ப்பணகை, வீடணன். வேறொரு மனைவிக்குப் பிறந்த மூத்தவன் குபேரன். இலங்கையும் புஷ்பக விமானமும் முதலில் குபேரனுடையவை. அண்ணனைத் துரத்தித்தான் இராவணன் அங்கே அமர்ந்தான். ஆகவே இந்தக் குடும்பத்திலும் சகோதரச் சண்டை சீதைக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

இரண்டு தம்பிகளும் சீதையை விட்டுவிடச் சொன்னார்கள். கேட்கவில்லை என்றதும் ஒருவன் அறத்தின் பக்கம் போனான், மற்றவன் தவறு என்று தெரிந்தும் அண்ணனுக்காகச் சாகப் போனான். கம்பரில் போர்க்களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது கும்பகருணன் சொல்வது: “நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்துவிட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்.” தம்பியை அவன் திட்டவில்லை, நீ இராமனிடமே இரு, எங்களுக்கு நீர்க்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்ச வேண்டும் என்கிறான். வீடணன் செய்தது சரி. ஆனாலும் கும்பகருணனுக்காகக் கண் கலங்காதவர் யார்?

இராவணன் விழுந்தபின் ஈமக்கடன் செய்யத் தயங்கிய வீடணனிடம் வால்மீகியின் இராமன் சொல்கிறான்: பகை சாவோடு முடிந்தது, உனக்கு அவன் எப்படியோ எனக்கும் அப்படியே. எதிரியையும் அண்ணன் முறையில் வைத்துவிட்டான்.

“குகனொடும் ஐவர் ஆனேம்” என்பது எந்த இடம்?

வீடணன் அடைக்கலம் புகுந்தபோது கம்பரின் இராமன் சொல்வது. தசரதனுக்குப் பிறந்தவர் நால்வர். வேடன் குகனைச் சேர்த்து ஐவர், வானரன் சுக்கிரீவனைச் சேர்த்து அறுவர், அரக்கன் வீடணனைச் சேர்த்து எழுவர். முடிவில், எனக்குக் காட்டைத் தந்து உன் தந்தை பிள்ளைகளால் பொலிந்தான் என்கிறான். தசரதனை வீடணனுக்கும் தந்தை ஆக்கிவிடுகிறான். இது வால்மீகியில் இல்லை, கம்பர் தந்தது. எனக்கு இதுவே இராமாயணத்தின் உச்சம்.

பரதன் என்ற பெயரில் எத்தனை பேர்? நாட்டின் பெயர் யாரால் வந்தது?

முக்கியமானவர் மூவர்: ரிஷபனின் மகன், துஷ்யந்தன் சகுந்தலையின் மகன், தசரதனின் மகன். பாரதம் என்ற பெயருக்கு மகாபாரதம் சகுந்தலை மகனைச் சொல்கிறது. பாகவதம் முதலிய புராணங்கள் ரிஷபன் மகனைச் சொல்கின்றன. இராமனின் தம்பிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் பாண்டவருக்காகக் கட்டியவையா?

இல்லை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி அது. தருமராஜ ரதம், பீம ரதம் என்பவை பின்னாளில் மக்கள் வைத்த பெயர்கள்.

இரண்டு குலங்களும் கடைசியில் என்ன ஆயின?

அவை நேருக்கு நேர் சந்தித்த ஓர் இடம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. குருக்ஷேத்திரத்தில் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு கையில் மாண்டவர்களில் கோசல நாட்டு அரசன் பிருகத்பலனும் ஒருவன். புராணங்களின் வரிசைப்படி அவன் குசனின் வழியில் வந்தவன், அதாவது இராமனின் சந்ததி. அவன் நின்றது கௌரவர் பக்கம்.

பாண்டவர் வழியில் அபிமன்யுவுக்கும் உத்தரைக்கும் பிறந்த பரீட்சித்து மட்டுமே மிஞ்சினான். திரௌபதியின் ஐந்து மக்களையும் இரவில் அசுவத்தாமன் கொன்றுவிட்டான். பரீட்சித்து அஸ்தினாபுரத்தில் ஆள, கண்ணனின் கொள்ளுப்பேரன் வஜ்ரனுக்கு இந்திரப்பிரஸ்தம் கிடைத்தது. பரீட்சித்தின் மகன் ஜனமேஜயன். பின்னால் கங்கை வெள்ளத்தில் அஸ்தினாபுரம் அழிய, நிசக்னு என்ற அரசன் கௌசாம்பிக்குத் தலைநகரை மாற்றினான் என்று புராணங்கள் கூறுகின்றன. 1950 முதல் 1952 வரை தொல்லியலாளர் பி.பி.லால் அஸ்தினாபுரத்தில் நடத்திய அகழாய்வில், பழைய குடியிருப்பு ஒன்றை வெள்ளம் அரித்துச் சென்ற தடயம் கிடைத்தது. அதனால் கதை முழுதும் வரலாறு என்று ஆகிவிடாது. ஆனால் பரீட்சித்து அதர்வ வேதத்திலேயே குரு நாட்டு அரசனாகப் போற்றப்படுபவன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கலியுகத்தில் சூரிய குலம் சுமித்திரனோடும் குரு குலம் க்ஷேமகனோடும் முடியும் என்கிறது விஷ்ணு புராணம். யுகம் மாறும்போது இரண்டையும் மறுபடி தொடங்கிவைக்க இருவர் கலாப கிராமத்தில் தவத்தில் இருக்கிறார்களாம். சூரிய குலத்துக்கு மரு. குரு குலத்துக்கு, தோல் நோய் என்று ஒதுக்கப்பட்ட அதே தேவாபி. அன்று நடந்தது சரியில்லை என்று மரபுக்கே மனத்தில் உறுத்தியிருக்க வேண்டும்.

தமிழ் மன்னர்கள் இந்தக் குலங்களோடு தம்மை இணைத்துக்கொண்டது எப்படி?

சோழர் சூரிய குலம் என்றனர். புறாவுக்காகத் தன் தசையைத் தந்த சிபியின் மரபினர் என்று சோழரைப் புறநானூறே பாடுகிறது. செம்பியன் என்ற பெயரும் அவ்வழி வந்தது. இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சூரியன், மனு, இக்ஷ்வாகு என்றே வரிசையைத் தொடங்குகிறது. பாண்டியர் சந்திர குலம். அவர்களுடைய சின்னமனூர்ச் செப்பேடு, மகாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் முன்னோர் பெருமையாகச் சொல்கிறது. பல்லவர்கள் பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் வழி என்றார்கள். 1070இல் முடிசூடிய முதல் குலோத்துங்கன் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன், சந்திர குலம். தாய் வழியில் சோழன், சூரிய குலம். இரண்டும் ஒருவனிடம் சேர்ந்ததைப் புலவர்கள் கொண்டாடினார்கள்.

சேரரின் பெருமை வேறு வகை. ஐவரும் ஈரைம்பதின்மரும், அதாவது பாண்டவரும் கௌரவர் நூற்றுவரும், பொருத போரில் பெருஞ்சோறு அளித்தவன் என்று உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் பாடுகிறார். சிலப்பதிகாரமும் அந்தச் சோற்றைச் சொல்லி வாழ்த்துகிறது. அது போர்க்களத்தில் படைகளுக்கு இட்ட உணவா, மாண்டவர் நினைவாகப் பின்னாளில் அளித்ததா என்று அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. எப்படி இருந்தாலும் பாட்டு அந்தச் சேரனை எந்தப் பக்கத்திலும் நிறுத்தவில்லை. அவன் சோறு இரு பக்கத்தாருக்கும் போயிற்று.